செட் ஆகல

செட் ஆகலையாம். சிரித்த முகமாகத்தான் சொன்னாள் அந்த மிஸ், “பாப்பா எங்க ஸ்கூலுக்கு செட் ஆக மாட்டாங்க” என்று, நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு ‘ங்க’ வேறு போட்டு. இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு மட்டும் வைக்காமல் எழுப்பிவிட்ட மாதிரி. மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. குணவதி குட்டியானை வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் இருந்த வெண்பாவின் உச்சந்தலையில் மோவாயை வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லையே உள்ளுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். சோற்றில் அகப்பட்ட கல்லைக் கடிக்கவும் பயந்து துப்பவும் இடமில்லாமல் நாக்கு தேடித் தேடிப் போய்த் தொடுமே, அப்படி. எதிரே பள்ளிக்கூடத்து மைதானம். சாயங்காலம் ஆண்டு விழா. மேடைக்குப் பின்னால் நீலத் துணி கட்டியாகிவிட்டது, நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கின வாக்கிலேயே நிற்கின்றன, அவள் புருஷன் அழகேசன் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெயிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறான். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் அவன்தான் மைக் செட்டு. அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. “நான் பொட்டிய இறக்குறேன், நீ புள்ளயக் கூட்டிட்டுப் போயி சேக்குறதப் பத்திப் பேசிட்டு வந்துரு” என்று அனுப்பினான். போனாள், வந்தாள், வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெண்பா அசையவில்லை. வலது கை ஆள்காட்டி விரல் உதட்டின்மேல் நட்டுவைத்த மாதிரி நிற்கிறது. அந்த அறையில் வைத்த விரல், இன்னும் எடுக்கவில்லை. “எடுடா கண்ணு, வெளிய வந்துட்டம்ல.” எடுக்கவில்லை. பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினாள். பிள்ளை இடது கையால் வாங்கி, விரலுக்கு அந்தப் பக்கமாக, கடைவாயில் வைத்துப் பொறுமையாக ஊறவைத்துக் கடித்தாள். சத்தம் வராமல் முறுக்குத் தின்கிற பிள்ளையை குணவதி இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

என்ன தப்பு செய்தாள் அவள்? உம்பேர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள் மிஸ். பிள்ளைக்குப் புரிந்தது, அதற்கெல்லாம் இரண்டு மாதமாகத் தயார். மேசையில் கிடந்த தடிப் பேனாவை எடுத்தாள், நுனியில் டொக் டொக் என்று தட்டினாள், ஃபூ ஃபூ என்று ஊதினாள், “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ. பெரியோர்களே, தாய்மார்களே, என் பெயர் வெண்பா, மைக் செட்டு அழகேசன் மக வெண்பா, நன்றி வணக்கம்” என்றாள். வீட்டில் அப்படித்தான். சோறு வேண்டும் என்றாலும் கரண்டியைத் தட்டி ஊதித்தான் கேட்பாள், மூத்திரம் வருகிறது என்பதைக்கூடப் பல் விளக்குகிற பிரஷ்ஷைப் பிடித்து ஊருக்கு அறிவித்துவிட்டுத்தான் போவாள், தெருவே சிரிக்கும். “உங்க வீட்டு ரேடியோ என்னம்மா இன்னைக்கு எழவு நியூஸா, கல்யாண நியூஸா” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் காதில் விழுந்த முதல் பாடம் அதுதானே. தட்டணும், ஊதணும், ஹலோ சொல்லணும், அப்புறம்தான் சேதி. வாயைத் திறந்தவுடன் சேதியைச் சொல்லிவிட்டால் பாதி காற்றோடு போய்விடும், அது அவள் அப்பன் பாடம். மிஸ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். இது என்ன கலர் என்று அடுத்த கேள்வி. பிள்ளை மறுபடி தட்டினாள், மறுபடி ஊதினாள். வாசலில் வரிசையில் நின்ற அம்மாக்கள் சிரிக்கிற சத்தம், பட்டுப்புடவைகள் உரசுகிற சத்தம். மிஸ் எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கினாள். பிடுங்கியதுகூடப் பெரிசில்லை, பிள்ளையின் கையை எடுத்து, அந்தச் சின்ன விரலை மட்டும் நிமிர்த்தி, அவளே உதட்டின்மேல் வைத்தாள், “ஃபிங்கர் ஆன் லிப்ஸ்” என்று. பொட்டியை மூடித் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. பேசாத பிள்ளைக்குப் பேச்சு வரணும் என்று கோயில் மணியில் தேன் தடவி நாக்கில் வைக்கிறார்கள் சனங்கள், இங்கே பேசுகிற பிள்ளைக்குத் தாழ்ப்பாள். அந்த நேரம் தான் ஏன் சும்மா நின்றோம்? ஏன் “ஆமாங்க மிஸ், சரிங்க மிஸ்” என்று ஒரு சிரிப்பு வேறு சிரித்து வைத்தோம்? அதை நினைக்க நினைக்கக் காது மடல் சுடுகிறது. சந்தையில் தக்காளிக்காரனிடம் எகிறுகிற வாய், அந்தக் கண்ணாடி அறைக்குள் போனதும் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

ஒளியும், அதற்கு ஒளியத் தெரியும், பழக்கம் உண்டு. ஆறாவது படிக்கும்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சார் கரும்பலகையில் மூன்றே எழுத்து எழுதினார், இது என்ன, அர்த்தம் என்ன என்றார். குணவதிக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள், “செட்டு சார், மோட்டார் ரூமு சார், நாங்க குளிக்கப் போவமே” என்றாள். தப்பா அது? அவள் ஊரில் செட்டு என்றால் பம்புசெட்டுதான், இன்னொன்று கிடையாது. செட்டுக்குப் போய்க் குளித்தார்கள், செட்டில் துவைத்தார்கள், செட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்பதை வைத்துக் கரண்டு வந்ததா போனதா என்று தெரிந்துகொண்டார்கள். சார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. “செட்டு வந்துட்டாடா, மோட்டாரப் போடு” என்று பையன்கள் பத்தாவது வரைக்கும் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு குணவதி கையைத் தூக்கவில்லை. தெரிந்த கேள்விக்கும் தூக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே பத்தாவதைத் தாண்டினாள், யாருக்கும் தெரியவில்லை அவள் வாயடைத்தது, அமைதியான பொண்ணு என்று பேரெடுத்தாள். அமைதியான பொண்ணாம்! அவளையா! சாருக்குத்தான் அந்தச் சொல்லைப் பற்றி என்ன தெரிந்துவிட்டது? அப்புறம் பார்த்தால் அது எங்கே இல்லை? கூடப் படித்த பொண்ணுங்கள் எங்க செட்டு. கெட்டுப் போன பையன் எவனோடோ செட்டு சேர்ந்துவிட்டான். தோடும் ஜிமிக்கியும் மாட்டலும் சேர்ந்தால் ஒரு செட்டு, கல்யாணத்துக்குப் போட்டது. மாமனாருக்குப் பல்செட்டு, பேத்திக்குப் பேர் வைத்த அன்று பேரைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அது பாயச டம்ளருக்குள் போய் விழுந்தது, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பொக்கை வாயோடு மனிதர் இன்னும் சிரித்தார். இட்லி வேண்டாம் என்றால் செட் தோசை. கோயிலுக்கு மினுக்குகிற சீரியல் செட்டு. சோறு போடுகிறதோ மைக் செட்டு. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்குள்ளேயேதான் குளித்து, தின்று, கட்டி, பெற்று வாழ்கிறாள், இன்றைக்கு ஒரு அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து அதே சொல்லாலேயே வெளியே போ என்கிறார்கள்.

இல்லை, போ என்றுகூடச் சொல்லவில்லையே, அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். பிடிக்கவில்லை என்றிருந்தால் எங்களுக்கும்தான் என்று எழுந்து வரலாம். செட் ஆகல என்றால் யாரைக் கேட்பது? யாரோ எங்கேயோ ஒரு மூடியை ஒரு டப்பாவுக்குப் போட்டுப் பார்த்தார்கள், மூடவில்லை, அவ்வளவுதான், யார் மேலும் தப்பில்லை, எல்லாரும் நல்லவர்கள். அப்படித்தான் அவளைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை வீட்டார் செய்தார்கள். மாப்பிள்ளை பேங்கில் வேலை, அவர் அக்காமார், அத்தைமார், ஒரு வேன் நிறைய வந்தார்கள். குணவதி தோய்த்துத் தோய்த்துச் சுட்ட வாழைக்காய் பஜ்ஜியை நல்லாருக்கு நல்லாருக்கு என்று கேட்டு வாங்கித் தின்றார்கள், ஓர் அத்தைக்காரி வழியில் தின்ன நாலு மடித்துக்கூட வாங்கிக்கொண்டாள். மறுநாள் தரகர் வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார், “செட் ஆகலையாம்மா.” அம்மா, “பஜ்ஜி மட்டும் செட்டாச்சா அவிங்களுக்கு” என்று கேட்டாள். அம்மாவுக்கு அந்த வாய் இருந்தது. தனக்கும் இருக்கிறது, எல்லாம் நடந்து முடிந்து வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகு வருகிறது. போன வருஷம் வீட்டுக்கு மொட்டை மாடி காங்கிரீட் போட்டார்களே, மேஸ்திரி என்ன சொன்னார்? “செட்டாவட்டும், யாரும் ஏறப்படாது, பாத்தி கட்டி தண்ணி நிப்பாட்டுங்க.” நாள் கணக்கில் தண்ணீர் கட்டி, கோழி ஏறிவிடாமல் முள் வெட்டிப் போட்டுக் காத்தாள் குணவதி. சிமிட்டிக்கும் கம்பிக்கும் கொடுக்கிற அவகாசத்தை இந்த மிஸ் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. போய் நின்று மூச்சு வாங்குவதற்குள் செட் ஆகல. அத்தனை காவல் இருந்தும் முதல் ராத்திரியே ஒரு நாய் எப்படியோ ஏறி மாடியில் நடந்துவிட்டது, ஈரத்தில் பதிந்த பாதம் இன்னமும் இருக்கிறது, மழை பெய்தால் முதலில் அந்தக் குழியில்தான் தண்ணீர் நிற்கும். வடகம் காயப்போடும்போதெல்லாம் காலில் தட்டுப்படும். அந்த நினைப்பு வந்ததும் குணவதி குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். விரல் அங்கேயேதான் இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் மேலுதடு லேசாக வெளுத்திருக்கிறது. “வெண்பா, அங்க பாரு, அப்பா.” பார்த்தாள். ஒரு சொல் இல்லை. அப்பா என்றால் கூரை அதிர அறிவிக்கிற பிள்ளை.

அழகேசன் வண்டிப் பக்கம் வந்து ஜன்னலில் கையூன்றினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “என்ன புள்ள, இங்கயே உக்காந்துட்ட? மிஸ்ஸு என்னா சொன்னாங்க?” “சொல்றேன்னுருக்காங்க.” “சொல்றேன்னா?” “சொல்றேன்னாத்தான். ஒயர இழுத்துட்டீங்களா?” “இழுத்தாச்சு. இவ என்ன, கையக் கையக் கடிக்கிறாளா?” “பல்லுல முறுக்கு மாட்டிக்கிச்சு” என்றாள் குணவதி, அவளுக்கே தன் பொய் ஒரு மாதிரி இருந்தது. அவன் மகளின் கன்னத்தைத் தட்டினான், “ஏ ரேடியோ, சார்ஜ் இல்லியா” என்றான், பதில் வராததைக் கவனிக்காமல் மேடையைப் பார்த்தான். அவன் மேடையைப் பார்க்கிற பார்வை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஜிகினா உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக வந்து அவன் மைக்கில் இங்கிலீஷ் பேசும், அவன் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு குரலுக்கும் கூட்டிக் குறைத்து வைப்பான். “என்னைக்காச்சும் ஒரு நாள் நம்ம புள்ள அங்க நிக்கும், அன்னைக்கு மட்டும் நான் குமிழத் தொடவே மாட்டேன் புள்ள, அவ பாட்டுக்குப் பேசட்டும்” என்பான். இப்போது இவனிடம் போய் எந்த வாயால் சொல்வது? சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். முன்னே ஒரு கோயில் திருவிழாவில், மைக் செட்டுக்காரனெல்லாம் மேடையில் ஏறப்படாது, கீழேயிருந்து கம்பால் தள்ளிச் சரி பண்ணு என்று ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சொன்னார். அழகேசன், அவர் தலைமையுரை ஆரம்பித்து “இந்த நல்ல நேரத்திலே” என்று இழுத்த இடத்தில் ஒயரைப் பிடுங்கினான். அந்த வட்டாரத்தில் ஒரு பங்குனி முழுக்க ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. இன்றைக்கும் பிடுங்குவான். மேடைக்குப் பின்னால் பார்த்தால் முகத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு குட்டிக் குட்டிப் பிள்ளைகள் காலைத் தட்டிப் பழகிக்கொண்டிருக்கின்றன, ஒன்றுக்கு மயில் தோகை கழன்று கழன்று விழுகிறது. அதுகள் என்ன பாவம் பண்ணின? இல்லை, வேலையை முடிக்கட்டும். வீட்டுக்குப் போய், சோறு போட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். திங்கட்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், பக்கத்தில்தான், நடந்தே போகலாம், அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பள்ளிக்கூடம் கிடைக்கும். இந்த விரல்? இதை எடுக்காமல் எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் என்ன? அமைதியான பொண்ணு என்பார்கள். நல்ல பொண்ணு என்பார்கள். பத்தாவது வரைக்கும் யாருக்கும் தெரியாது.

“வா புள்ள, டெஸ்ட் பண்ணிருவோம்” என்று அழகேசன் மேடைப் பக்கமிருந்து கை காட்டினான். இந்த வேலை மூன்று பேர் வேலை. அவன் பொட்டி பக்கத்தில் உட்கார்ந்து குமிழைத் திருகுவான், ஆனால் மைதானக் கோடியில் எப்படிக் கேட்கிறது என்று அவனுக்குத் தெரியாது. குணவதி மைக்கில் பேசுவாள். நடக்கப் பழகியதிலிருந்து வெண்பாதான் கோடியில் போய் நிற்பாள். கேட்டால் வலது கையைத் தூக்குவாள், இரைந்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்துவாள், அவள் கையைத் தூக்காமல் எந்த ஊர் விழாவும் தொடங்கியதில்லை. இறக்கிவிட்டதும் பிள்ளை, பழக்கப்பட்ட மாடு தொழுவத்துக்குப் போவது போல, உதட்டில் விரலோடு, கால்பந்துக் கம்பத்தைப் பார்த்து நடந்தாள். போகப் போகச் சின்னதானாள். குணவதி மேடையேறி மைக்கைப் பிடித்தாள். கம்பி வலை உதட்டுக்கு அருகே சுட்டது. இப்போது ஒரு சொல் போதும். இங்கேயிருந்து பேசினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். பெரியோர்களே தாய்மார்களே, நாலு வயசுப் பிள்ளை வாயை விரல் வைத்துப் பூட்டின கதையைக் கேளுங்கள் என்று ஆரம்பித்தால், மேல்மாடி ஜன்னலோரம் ஃபைலும் கையுமாக நிற்கிற அந்த மிஸ் எங்கே போய் ஒளிவாள்? தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவள் வாய் இன்றைக்கு முதல் தடவையாகச் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது. டொக் டொக் என்று தட்டினாள். ஊதினாள். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்.” கோடியைப் பார்த்தாள். வெண்பா நிற்கிறாள். கை தூக்கவில்லை. “கேக்கலையாமா?” என்றான் அழகேசன், குமிழைக் கூட்டினான். “ஹலோ.” இல்லை. இன்னும் கூட்டினான், பொட்டி முனகத் தொடங்கியது. “கடைசிப் பொட்டிக்கு ஒயர் புட்டுக்கிச்சு போல” என்று எழுந்தான். புட்டுக்கொள்ளவில்லை என்று குணவதிக்குத் தெரியும். பிள்ளைக்கு நன்றாகவே கேட்கிறது. தூக்குகிற கை வேறு வேலையில் இருக்கிறது. தொண்டையில் நின்றதெல்லாம், மிஸ், பஜ்ஜி, சார், மோட்டார் ரூமு எல்லாம், அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டன. அவள் மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்து, அடுப்படியில் கேட்கிற குரலில், கொஞ்சம் முன்னே அந்த அறையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

“உம்பேரு என்னா?”

நாற்காலி பிரித்துப் போடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மயில் தோகைப் பிள்ளை நின்றுவிட்டது. கோடியில் விரல் உதட்டைவிட்டு இறங்கியது. இறங்கின விரலை வெண்பா புதிசாகக் கிடைத்த சாமான் மாதிரி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். இடது கையால் அதன் நுனியைத் தட்டினாள். இரண்டு தடவை கன்னம் உப்பியது, ஊதுகிறாள். பிறகு அந்த விரலையே மைக்காகப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, “ஹலோ! வெண்பா! மைக் செட்டு அழகேசன் மக வெண்பா! நன்றி வணக்கம்!”

சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. மாடி ஜன்னலில் மிஸ் தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள், அவ்வளவு தூரத்திலிருந்து அது வெண்பாவுக்குத் தெரிய வழியில்லை. அவள் கையை நன்றாக உயர்த்திப் பிடித்தபடி மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அழகேசன் பதறிப்போய்க் குமிழைப் பிடித்துத் திருகினான், திருகிக் கடைசிவரை கொண்டுபோனான், பொட்டி வழியாக வராத சத்தம் குறையவில்லை. பொட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேடையிலிருந்த பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தான். “ஏ புள்ள, என்னா இது, குறைக்க மாட்டேங்குது?”

“குறைக்காதீங்க” என்றாள் குணவதி. மைக்கில்தான் சொன்னாள்.